230 வோல்ட் புகை அலாரங்களை வீட்டில் வயரிங் செய்யும் முறை

பேட்டரியில் மட்டும் இயங்கும் புகை அலாரத்தைக் கூரையில் இரண்டு ஸ்க்ரூ போட்டு யாரும் மாட்டிவிடலாம். ஆனால் இரண்டு தளமும் நான்கைந்து அறைகளும் உள்ள வீட்டில், கீழே கூடத்தில் கிளம்பும் புகைக்கு மாடியில் கதவை மூடி ஏ.சி. போட்டுத் தூங்குபவர் எழுந்திருக்க வேண்டுமானால், எல்லா அலாரங்களும் ஒரே நேரத்தில் அலற வேண்டும். அதற்காகவே மின் இணைப்பில் இயங்கி, மின்சாரம் போனால் உள்ளிருக்கும் பேட்டரிக்கு மாறி, ஒன்றோடொன்று வயரால் பிணைக்கப்படும் அலாரங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் வழக்கமான கான்கிரீட் கூரை, சுவருக்குள் பி.வி.சி. பைப்பு, அதற்குள் தனித்தனி ஒற்றை வயர்கள் என்ற அமைப்பில் கட்டப்படும் வீட்டில் அவற்றை எப்படிப் பொருத்துவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

நிரந்தர வயரிங் வேலையை மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். வீட்டுக்காரர் செய்ய வேண்டியது, எங்கே, எந்த மின்சாரத்தில், எத்தனை வயரோடு என்பதை முன்கூட்டியே முடிவு செய்து காகிதத்தில் வரைந்து கொடுப்பதும், வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று சரிபார்ப்பதும் ஆகும். விளக்கு, ஃபேன், பிளக் பாயின்ட் வேலையில் கைதேர்ந்த பல வயர்மேன்களுக்கும் இந்த அலாரம் புதிது என்பதால், இந்தச் சரிபார்ப்பை உபரி வேலையாக நினைக்கக் கூடாது.

வாங்கும்போது

கடையில் "ஸ்மோக் டிடெக்டர்" என்று கேட்டால், அலுவலகங்களிலும் ஓட்டல்களிலும் தீ எச்சரிக்கைப் பேனலோடு இணைக்கப்படும் 24 வோல்ட் கருவியை எடுத்து வைப்பதுண்டு. அது புகையை உணர்ந்து பேனலுக்குத் தகவல் சொல்லுமே தவிர, தானாக அலறாது. அதை 230 வோல்ட்டில் இணைத்தால் அந்த நொடியே போய்விடும். நமக்கு வேண்டியது உணரியும் ஒலிப்பானும் ஒரே உடலில் அமைந்த அலாரம். பெட்டியிலோ பின்புறத்திலோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், பேட்டரி பேக்கப், இன்டர்கனெக்ட் (அலாரங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் வசதி) ஆகிய நான்கும் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். ஐரோப்பியத் தரமான இ.என். 14604 முத்திரை இருந்தால் மூன்று மீட்டர் தூரத்தில் குறைந்தது 85 டெசிபல் ஒலிக்கும் என்று நம்பலாம்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் அலாரத்தை, எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும், இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அது 120 வோல்ட்டுக்கானது. போதாக்குறைக்கு அதில் கறுப்பு வயர்தான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், ஆரஞ்சு இணைப்பு வயர். கறுப்பைக் கண்டதும் நியூட்ரலோடு முறுக்கிப் பழகிய நம் கைகளுக்கு அது வைக்கும் பொறி இது.

புகையை ஒளியால் உணரும் ஆப்டிகல் வகையைக் கூடத்துக்கும் படுக்கையறைகளுக்கும் மாடிப்படிக்கும் வாங்கவும். மெத்தை, சோபா, சூடேறிய வயரின் உறை ஆகியவை கொழுந்து விடாமல் புகைந்துகொண்டே இருக்கும் கட்டத்தை அது விரைவில் பிடிக்கும். சமையலறைக்குப் புகை அலாரம் ஒத்துவராது: மிளகாய் வற்றலைத் தாளித்த முதல் நாளிலேயே அலறி, இரண்டாம் நாள் யாரோ ஏணி போட்டு அதைக் கழற்றிவிடுவார்கள். அங்கே வெப்ப அலாரம் போட வேண்டும். அது புகையைக் கண்டுகொள்ளாது. காற்றின் வெப்பம் ஏறக்குறைய 58 டிகிரி செல்சியஸை எட்டும்போதுதான் ஒலிக்கும். எல்லாவற்றையும் ஒரே கம்பெனியில், ஒன்றோடொன்று இணையும் என்று கையேட்டில் எழுதப்பட்ட மாடல்களாக வாங்குங்கள். இணைப்பு வயரில் ஓடும் சைகை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். கலந்து இணைத்தால் ஒன்று அலறும்போது மற்றது ஒலிக்காமல் போகலாம், எரிந்தும் போகலாம்.

எங்கே மாட்டுவது

கூரையின் நடுவில் மாட்டுங்கள் என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும் இடத்தில் நம் வீடுகளில் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். ஃபேனின் காற்று, அலாரத்தை எட்டுமுன்பே புகையைக் கலைத்து விரட்டிவிடும் என்பதால், அலாரம் இறக்கையின் நுனியிலிருந்து கிடைமட்டமாகக் குறைந்தது 900 மில்லிமீட்டர், அதாவது மூன்றடி, தள்ளி இருக்க வேண்டும். அதே சமயம், சுவரும் கூரையும் சேரும் மூலையில் காற்று தேங்கி நிற்பதால், சுவரிலிருந்து 300 மில்லிமீட்டராவது, அதாவது ஓரடி, விலகியிருக்க வேண்டும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் 48 அங்குல ஃபேன். கொக்கியிலிருந்து இறக்கை நுனிக்கு இரண்டடி, அதற்கு மேல் மூன்றடி, ஆக ஐந்தடி. நீளவாக்கில் கொக்கியிலிருந்து சுவர் ஆறடி. சுவருக்கு ஓரடி விட்டால் மிஞ்சுவது அளவெடுத்ததுபோல அதே ஐந்தடி. அகலவாக்கில் பார்த்தால் இடமே கிடையாது. எனவே அலாரம் நீளவாக்கில் கடைசியில் உள்ள சுவரை நோக்கி, ஓரடி விட்டு வர வேண்டும். கொஞ்சம் மூலைப்பக்கம் சாய்த்தால் ஃபேனிலிருந்து இன்னும் தூரம் கிடைக்கும். அறைக்கு அறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல், "எங்கேயாவது ஓரமாக ஒரு பாக்ஸ் வை" என்று சொன்னால், பாக்ஸ் சுவரை ஒட்டித்தான் வரும்.

ஏ.சி.யின் காற்று நேராக அடிக்கும் வழியிலும், குளியலறைக் கதவுக்கு நேர் மேலேயும், தொங்கும் பீமை ஒட்டியும் வைக்க வேண்டாம். பூஜை அறை கூடத்தோடு திறந்திருந்தால், வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை எந்தப் பக்கம் போகிறது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, எதிர்ப்பக்கம் வைக்கவும். மாடியில் தகரக் கூரை போட்ட அறை இருந்தால் அங்கே புகை அலாரம் வேண்டாம். பெரும்பாலான மாடல்கள் 40 டிகிரி வரை உள்ள சூழலுக்கே செய்யப்பட்டவை, மே மாதத்தில் தகரத்துக்கு அடியில் வெப்பம் அதைத் தாண்டிவிடும்.

தளம் போடுமுன் முடிக்க வேண்டியவை

இந்த வேலையில் பணமும் அழகும் மிச்சமாகும் நாள் ஒன்றே ஒன்றுதான்: கூரைக் கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள். சென்ட்ரிங் பலகைமேல் கம்பி கட்டி முடித்து, ஃபேன் பாக்ஸும் விளக்குப் பாக்ஸும் வைக்கும்போதே, அலாரம் வரும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு ஜங்ஷன் பாக்ஸை வைத்துக் கட்டிவிட வேண்டும். பாக்ஸிலிருந்து பாக்ஸுக்கு முக்கால் இன்ச் பைப்பு, சங்கிலிபோல ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு, கடைசியில் மாடிப்படி வழியாக, வீட்டின் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டி.பி. பெட்டிக்கு இறங்க வேண்டும். அலாரத்தின் பைப்பைத் தனியாகவே ஓட்டுங்கள். விளக்குப் பைப்பிலேயே இதையும் திணித்தால் பின்னாளில் ஒரு வயரை இழுக்கும்போது எல்லாம் சேர்ந்து வரும். பாக்ஸின் வாயில் காகிதமோ தெர்மோகோலோ அடைக்க மறந்தால், சிமென்ட் பால் உள்ளே இறங்கிப் பைப்பு அடைந்துபோகும்.

கட்டி முடித்த வீடாக இருந்தால் இரண்டே வழி. ஃபால்ஸ் சீலிங் இருக்கும் அறைகளில் அதற்கு மேலே பைப்பு ஓட்டலாம். மற்ற இடங்களில் கூரையோரமாகக் கேசிங் கேப்பிங், அதாவது வயரை மூடும் பிளாஸ்டிக் பட்டை, அடிக்க வேண்டும். கூரைக் கான்கிரீட்டில் காடி வெட்ட யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அந்த வெட்டு கம்பியின் மேலுறையைத் தின்றுவிடும். கேசிங் பிடிக்காதவர்கள் ரேடியோ மூலம் பிணையும் மாடல்களைப் பார்க்கலாம். அப்போது ஒவ்வோர் அலாரத்துக்கும் ஃபேஸும் நியூட்ரலும் மட்டும் போதும்.

வயர் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, ஐ.எஸ். 694 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, தீ எளிதில் பரவாத எஃப்.ஆர். வகை. ஒவ்வொரு பாக்ஸுக்கும் நான்கு வயர்கள்: ஃபேஸ், நியூட்ரல், எர்த், அலாரங்களைப் பிணைக்கும் நான்காவது வயர். முதல் மூன்றுக்கும் நிறம் தெரிந்ததே: ஃபேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. நான்காவதுக்கு மஞ்சளும் நீலமும் வேண்டாம், மூன்று ஃபேஸ் வீட்டில் அவை மற்ற இரண்டு ஃபேஸ்களின் நிறங்கள். வெள்ளை அல்லது சாம்பல் நிறச் சுருள் ஒன்றை இதற்காகவே வாங்கி, வீட்டில் வேறு எதற்கும் அந்த நிறத்தைப் பயன்படுத்தாமல் விட்டால், பத்து ஆண்டுக்குப் பிறகு பாக்ஸைத் திறப்பவருக்கும் குழப்பம் வராது. இந்த வயரில் ஓடுவது சிறு மின்னழுத்தம்தான் என்றாலும், அது நியூட்ரலை அடிப்படையாக வைத்து ஓடுவதால், ஃபேஸ் வயரைப் போலவே நினைத்துக் கையாள வேண்டும். டெலிபோன் வயரையோ சி.சி.டி.வி. வயரையோ இதற்குப் போடக் கூடாது.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது

வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். எனக்குத் தெரிந்து ஒரு வீட்டில், நான் மேற்பார்வை பார்த்தும் கோட்டைவிட்ட இடம் இது. அலாரங்கள் மாட்டி, பொத்தானை அழுத்திப் பார்த்து, எல்லாம் ஒன்றாக அலறின. ஒரு மாதம் கழித்து வீட்டுக்காரர் கூப்பிட்டு, நள்ளிரவில் கூரையில் ஏதோ குருவி கத்துகிறது என்றார். பேட்டரி தீர்ந்ததைச் சொல்லும் ஓசை அது. புதுப் பேட்டரி ஒரு மாதத்தில் எப்படித் தீரும் என்று பார்த்தால், வயர்மேன் அலாரத்துக்கான ஃபேஸை வராந்தா விளக்குப் பாயின்ட்டிலிருந்து இழுத்திருந்தார். விளக்கை அணைக்கும்போதெல்லாம் அலாரமும் அணைந்து, பகல் முழுவதும் இரவில் பாதியும் பேட்டரியில் ஓடியிருக்கிறது.

அவர்மேல் முழுப் பழியையும் போட முடியாது. நம் ஊர் வயரிங்கில் நிரந்தர ஃபேஸ் சுவிட்ச் போர்டோடு நின்றுவிடும். கூரைப் பாயின்ட்டுக்கு ஏறுவது சுவிட்சைத் தாண்டி வரும் ஃபேஸும் நியூட்ரலும் மட்டுமே. கூரையில் கைக்கெட்டிய இடத்தில் மின்சாரம் எடுத்தால் அது சுவிட்சுக்குக் கட்டுப்பட்ட மின்சாரமாகத்தான் இருக்கும். ஆகவே அலாரத்துக்கான ஃபேஸ், சுவிட்ச் போர்டில் சுவிட்சுக்கு முந்தைய முனையிலிருந்தோ நேரே டி.பி.யிலிருந்தோ வர வேண்டும்.

சிறிய, ஒற்றை ஃபேஸ் வீடானால் கூடத்து விளக்குச் சர்க்கியூட்டிலிருந்து, சுவிட்சுக்கு முன்னால், எடுப்பதில் ஒரு நன்மை உண்டு: அந்தச் சர்க்கியூட்டின் எம்.சி.பி. (கோளாறு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்தால் கூடம் இருட்டாகி உடனே தெரிந்துவிடும். மூன்று ஃபேஸ் வீட்டில் அப்படிச் செய்யவே கூடாது. கீழ்த்தளம் ஒரு ஃபேஸிலும் மாடி இன்னொரு ஃபேஸிலும் இருக்கும். அந்தந்தத் தளத்து அலாரத்துக்கு அங்கங்கே மின்சாரம் எடுத்து, நான்காவது வயரால் இரண்டையும் பிணைத்தால், வெவ்வேறு சர்க்கியூட்டுகள் தவறான வழியில் தொட்டுக்கொள்ளும். ஓர் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு வேலை செய்பவரை இன்னொரு ஃபேஸ் தாக்கும் அபாயமும் அதில் உண்டு. பிணைக்கப்பட்ட அத்தனை அலாரங்களும் ஒரே எம்.சி.பி., ஒரே ஃபேஸ், ஒரே நியூட்ரல். அலாரங்கள் எடுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். 6 ஆம்பியர் எம்.சி.பி. தாராளம். டி.பி.யில் அதற்கு எதிரே "புகை அலாரம், அணைக்காதீர்" என்று எழுதி ஒட்டிவிடவும்.

இன்னொரு கேள்வி நிச்சயம் வரும்: இன்வெர்ட்டர் லைனில் போட்டால் நல்லதல்லவா? நல்லதல்ல. சதுர அலை தரும் பழைய வகை இன்வெர்ட்டர்களின் மின்சாரம் அலாரத்துக்குள் இருக்கும் சின்ன மின்சுற்றைக் கெடுத்துவிடும் என்று அலாரக் கையேடுகள் பலவும் எச்சரிக்கின்றன. உங்களுடையது சுத்த சைன் அலை இன்வெர்ட்டராக இருந்தால் கெடாது. ஆனாலும் தேவையில்லை, அலாரத்துக்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. இன்வெர்ட்டர் நாளை மாற்றப்படும், அப்போது எது மலிவோ அது வரும். மின்வாரிய லைனிலேயே இருக்கட்டும். ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள்: 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டா மாவட்டங்களின் பல ஊர்களில் மின்சாரம் திரும்பப் பல வாரங்கள் ஆயின. மெழுகுவத்தியும் மண்ணெண்ணெய் விளக்கும் எரிந்த அந்த நாட்களில்தான் அலாரம் அதிகம் தேவைப்பட்டிருக்கும். கடலோர மாவட்டங்களில் வீடு கட்டுபவர்கள், பேட்டரியை வெளியே எடுத்து மாற்றக்கூடிய மாடலாகப் பார்த்து எடுப்பது நல்லது.

இணைப்பு கொடுத்தல்

முதலில் மெயினை அணைக்கவும். பிறகு இன்வெர்ட்டரையும், பேட்டரியோடு கூடிய சோலார் இருந்தால் அதையும் அணைக்கவும். மெயினை இறக்கிவிட்டு, இன்வெர்ட்டர் லைனில் ஷாக் வாங்கியவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம். ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரில் விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கை வைக்காமல், மல்டிமீட்டராலோ டெஸ்ட் லேம்பாலோ ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் பார்க்க வேண்டும். அந்த மீட்டர் வேலை செய்கிறதா என்பதை உயிருள்ள ஒரு பாயின்ட்டில் முன்னதாகப் பார்த்துக்கொள்வதும் பழக்கமாக இருக்கட்டும்.

வயர் இழுத்து முடிந்ததும், எந்த அலாரத்தையும் இணைக்காமல், 500 வோல்ட் மெகர் என்ற சோதனைக் கருவியை வைத்து இன்சுலேஷன் பார்க்கவும். ஒரு மெகோமுக்குக் குறையக் கூடாது. புது வயரில் அதைவிட மிக அதிகமாகவே காட்டும். அலாரத்தை மாட்டிய பிறகு மெகர் போட்டால் உள்ளிருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் போய்விடும்.

அலாரத்தின் அடித்தட்டில் எல் (ஃபேஸ்), என் (நியூட்ரல்), ஐ.சி. (பிணைக்கும் நான்காவது வயர்) என்று மூன்று முனைகள் இருக்கும். சில மாடல்களில் வயரோடு கூடிய செருகி தனியாக வரும். முந்தைய பாக்ஸிலிருந்து வரும் சிவப்பும் அடுத்த பாக்ஸுக்குப் போகும் சிவப்பும் சேர்ந்து எல் முனைக்குள். அதேபோல இரண்டு கறுப்பும் என் முனைக்குள். இரண்டு வெள்ளையும் ஐ.சி. முனைக்குள். இரண்டு வயர்களின் உறையையும் கையேடு சொல்லும் நீளத்துக்கு மட்டும் சீவி, இழைகள் பிரியாமல் முறுக்கி, முனையில் செருகி, ஸ்க்ரூவை முறுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். ஒன்று உருவிக்கொண்டு வந்தால் அதற்கு அப்பால் உள்ள எல்லா அலாரங்களும் ஊமையாகும். பெரும்பாலான அலாரங்களின் உடல் இரட்டை இன்சுலேஷன் உள்ளது என்பதால் எர்த் தேவைப்படாது. அதற்காகப் பச்சை வயரை வெட்டி விடாமல், இரண்டு முனைகளையும் ஒரு கனெக்டரில் சேர்த்துப் பாக்ஸுக்குள் வைத்துவிடவும். எந்த நிலையிலும் ஐ.சி. முனையில் எர்த்தையோ நியூட்ரலையோ இணைக்கக் கூடாது. கடைசி அலாரத்தில் ஒரே ஒரு தொகுதி வயர்தான் வரும். சங்கிலியை மீண்டும் முதல் அலாரத்துக்குக் கொண்டுவந்து வளையமாக்க வேண்டியதில்லை.

அடித்தட்டைத் திருகியதும், பைப்பின் வாயையும் பாக்ஸைச் சுற்றியுள்ள இடைவெளியையும் அடைத்துவிடுங்கள். கரப்பானும் பல்லிக் குஞ்சும் அந்த வழியாகத்தான் அலாரத்துக்குள் போகும். உணரியின் அறைக்குள் ஒரு பூச்சி நுழைந்தால், அதையும் புகை என்றே எடுத்துக்கொள்ளும். பட்டி தேய்த்துப் பெயின்ட் அடித்து முடியும்வரை அலாரத்தின் தூசி மூடியைக் கழற்ற வேண்டாம். இன்னும் நல்லது, அதுவரை அலாரத்தையே மாட்டாமல் இருப்பது.

சோதித்துப் பார்த்தல்

மின்சாரம் கொடுத்ததும் ஒவ்வோர் அலாரத்திலும் பச்சை விளக்கு எரிய வேண்டும். பிறகு ஒரு அலாரத்தின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பிடித்தால், முதலில் அது அலறும். சில நொடிகளில் மற்றவை எல்லாம் சேர்ந்துகொள்ளும். இதை ஒன்றோடு நிறுத்தாமல், சமையலறை வெப்ப அலாரம் உட்பட ஒவ்வொன்றையும் அழுத்தி, ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் கதவு மூடிய அறைக்குள் இருந்து கேட்டுச் சொல்ல வேண்டும். பெரும்பாலான மாடல்களில், எது புகையை உணர்ந்ததோ அதில் மட்டும் சிவப்பு விளக்கு வேகமாக மின்னும். எந்த அறையிலிருந்து கிளம்பியது என்பதை அதை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்பதை வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள்.

அடுத்து, அலாரத்தின் எம்.சி.பி.யை மட்டும் அணைத்து, பச்சை விளக்கு போனதைப் பார்த்து, மீண்டும் பொத்தானை அழுத்தவும். பேட்டரியிலும் எல்லாம் ஒன்றாக ஒலித்தால்தான் வேலை முடிந்தது. பிறகு எம்.சி.பி.யைப் போட்டுவிட்டு, வீட்டில் உள்ள சுவிட்சுகள் அத்தனையையும் ஒரு சுற்று அணைத்துப் பாருங்கள். எந்த அலாரத்தின் பச்சை விளக்காவது அணைந்தால், அது என்னுடைய வராந்தாக் கதைதான். ஊதுவத்தியைக் கீழே பிடித்துப் பார்ப்பதைத் தவிர்க்கவும். அதன் பிசுக்கு உணரியில் படியும். உண்மையான புகையைப் போலச் சோதிக்க வேண்டுமானால் அதற்கென்று ஸ்ப்ரே விற்கிறார்கள்.

அதன் பிறகு மாதம் ஒரு முறை பொத்தானை அழுத்தினால் போதும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, எம்.சி.பி.யை அணைத்து, வாக்குவம் கிளீனரின் மெல்லிய தூரிகையால் ஓரத் துளைகளைத் துடைக்க வேண்டும். பெரும்பாலான அலாரங்களுக்கு ஆயுள் பத்து ஆண்டு; மாற்ற வேண்டிய தேதி பக்கவாட்டிலோ பின்புறத்திலோ அச்சிட்டிருக்கும். கூரையில் மாட்டிய பிறகு அது கண்ணில் படாது என்பதால், மாட்டுமுன் அந்தத் தேதியை மார்க்கரால் டி.பி. கதவின் உட்புறத்தில் எழுதிவையுங்கள்.